1989-ல் பிறந்த இளவரசன் புதுக் கம்ப்யூட்டரில் ஓடுகிறான்!

திருப்பூர்,-

சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு. பிறகு ஒரு தூக்கம். பனியன் ஊரின் வார வழக்கம் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை இப்போது ஒரு வெள்ளைக் கால்சட்டைக்காரன் கெடுத்துக் கொண்டிருக்கிறான்!

அவன் பெயர் 'பிரின்ஸ்'. 1989-ம் ஆண்டு பிறந்தவன். ஓடுவான். தாவுவான். சுவர் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். பள்ளத்தில் விழுந்தால் முள் குத்திச் செத்துப் போவான். மறுபடியும் எழுந்து ஓடுவான்.

'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் கதாநாயகன்தான் இவன். 1990-களில் ஆபீசில் கணக்கு எழுதியவர்களுக்கும், காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும், கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கும் பழைய சிநேகிதன்.

அன்றைய இளவட்டங்கள் இன்று தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பாக்கள். பிள்ளையின் லேப்டாப்பைப் பார்த்ததும் பழைய ஆசை எட்டிப் பார்க்கிறது. அப்புறம் பேச்சு இப்படித்தான் போகும்:-

"ஏங் கண்ணு, உன்ற கம்ப்யூட்டர்ல பிரின்ஸ் ஓடுமா?"

"அது என்னங்கப்பா பிரின்ஸ்?"

"வெள்ளப் பேண்டு போட்டவன் ஒருத்தன். மொதலாளி வீட்டுக்குப் போனதும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதத்தான் ஆடுவோம். ஒன்றர ஷிப்டு முடியற வரைக்கும் ஆட்டந்தான்."

பையன் தேடுகிறான். கிடைக்கிறது. தட்டுகிறான். 'இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று திரையில் எழுத்து வருகிறது.

"ஓடாதுன்னு சொல்லுதுங்கப்பா."

"அடப் போ சாமி! அன்னைக்கு டப்பா கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. அர லட்சம் குடுத்து வாங்குனதுல ஓடலைன்னா அது என்ன கம்ப்யூட்டரு?"

அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் தூங்கப் போக வேண்டியதில்லை. பிரின்ஸ் ஓடுவான். காசு செலவில்லாமல் ஓட வைக்க வழி இருக்கிறது.

ஏன் ஓடவில்லை?

பிரின்ஸ் வந்த காலத்தில் விண்டோஸ் வீட்டுக்கு வீடு வரவில்லை. 'டாஸ்' என்ற கறுப்புத் திரைதான். உத்தரவை எழுத்தில் அடித்து 'என்டர்' தட்ட வேண்டும்.

அந்தக் காலத்து கேம்கள் பேசியது '16 பிட்' பாஷை. இன்றைய 64 பிட் விண்டோசுக்கு அந்தப் பாஷை தெரியாது. பழைய விண்டோசுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். 64 பிட் விண்டோஸ் வந்தபோது அவரை வேலையை விட்டு அனுப்பி விட்டார்கள்!

2021-ல் வந்த 'விண்டோஸ் 11' 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 'விண்டோஸ் 10'-க்கு வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. ஆபீஸ் ஆபீசாக கம்ப்யூட்டர் மாறுகிறது. மாறும் ஒவ்வொரு இடத்திலும் பழைய புரோகிராம்களுக்குக் கதவு அடைபடுகிறது.

பொய்க் கம்ப்யூட்டர்

கதவு அடைபட்டால் ஜன்னல் ஒன்று திறக்க வேண்டும் அல்லவா? அந்த ஜன்னலின் பெயர் 'டாஸ்பாக்ஸ்'.

ஹாலந்து நாட்டைச் சேர்ந்த இரண்டு பேர் இதை எழுதத் தொடங்கினார்கள். 2002-ம் ஆண்டு வெளியானது. இலவசம்.

அது செய்யும் வேலை வேடிக்கையானது. புதுக் கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிறது! பழைய 386, 486 'சிப்'பைப் போல நடிக்கும். அந்தக் காலத்து 'சவுண்டு பிளாஸ்டர்' கார்டு போலச் சத்தம் போடும். பழைய மானிட்டர் போலப் படம் காட்டும்.

உள்ளே இருக்கும் பிரின்சுக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் 1990-ல்தான் இருக்கிறோம் என்று நினைத்துக் கொண்டு ஓடுவான்.

செய்முறை சுலபம். விளையாட்டை ஒரு தனி 'போல்டரில்' போட வேண்டும். டாஸ்பாக்சைத் திறந்து 'மவுன்ட்' என்ற உத்தரவைக் கொடுத்து அந்தப் போல்டரைக் காட்ட வேண்டும். பிறகு விளையாட்டின் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். ஆல்ட் பொத்தானோடு என்டரைச் சேர்த்து அமுக்கினால் படம் திரை முழுக்க விரியும்.

அப்படி விரியும்போது சிலருக்கு இளவரசன் குண்டாகத் தெரிவான். பயப்பட வேண்டாம். பழைய மானிட்டர் 4-க்கு 3 என்ற அளவு. புது மானிட்டர் அகலம் அதிகம். இழுத்துக் கட்டிய பனியன் போல படம் விரிகிறது. டாஸ்பாக்சில் 'ஆஸ்பெக்ட்' என்ற ஒரு திருத்தம் செய்தால் பழையபடி ஒல்லியாகி விடுவான்.

படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைய படத்தில் மொத்தம் 64 ஆயிரம் புள்ளிகள்தான். இன்றைய சாதாரண மானிட்டரில் 20 லட்சத்துக்கு மேல். அந்த 64 ஆயிரம் புள்ளியில்தான் அரண்மனை, சிறை, இளவரசி எல்லாமே!

பறந்து போன பந்து

ஓட வைத்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. அது வேகம்.

காலால் மிதிக்கும் தையல் மெஷினில் பழகியவரை நேராக ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? காலை வைத்ததும் துணி அந்தப் பக்கம் போய்விடும். கை பின்னாலேயே ஓடும்.

பழைய கேம்களின் கதையும் இதுதான். 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் சிப் ஒரு வினாடிக்கு சுமார் 48 லட்சம் துடிப்பு துடித்தது. இன்றைய சிப் 300 கோடிக்கு மேல் துடிக்கிறது. சிப்பின் வேகத்தை நம்பி எழுதிய கேம்களை அப்படியே ஓட்டினால், தொடங்கிய கண்ணிமைப்பில் ஆள் செத்துப் போவான்.

1980-களிலேயே இந்தத் தொல்லை வந்துவிட்டது. அன்றைய கம்ப்யூட்டர் பெட்டியின் முன்னால் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? வேகத்தைக் கூட்டும் பொத்தான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் பழைய புரோகிராமுக்காக வேகத்தைக் குறைக்க உதவியதும் அதே பொத்தான்தான்!

டாஸ்பாக்சிலும் அப்படி ஒரு வசதி இருக்கிறது. கண்ட்ரோலோடு எப் 11 அமுக்கினால் வேகம் குறையும். எப் 12 அமுக்கினால் கூடும். மோட்டாருக்கு ஏற்ற புல்லி போடுவது போல, விளையாட்டுக்கு ஏற்ற வேகத்தை வைத்துக் கொள்ளலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கிளார்க்குகள் மறக்க முடியாத 'பின்பால்' விளையாட்டுக்கும் வேகத்தால் ஒரு கதை உண்டு.

விண்வெளிப் படம் போட்ட பலகையில் பந்தைத் தட்டித் தட்டி விடும் ஆட்டம் அது. 2001-ல் வந்த எக்ஸ்பியில் இலவசமாக இருந்தது. அதை விண்டோசுக்கு மாற்றி எழுதிய மைக்ரோசாப்ட் என்ஜினீயர் டேவ் பிளம்மர், திரைப்படத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகத்தில் வரையும்படி எழுதிவிட்டார். அன்றைய கம்ப்யூட்டரில் அது தெரியவில்லை.

பிறகு வந்த வேகமான கம்ப்யூட்டரில் வினாடிக்கு 5 ஆயிரம் படம் வரைய ஆரம்பித்தது. ஒரு விளையாட்டு சிப் முழுவதையும் தின்றது! அதைக் கண்டுபிடித்த ரேமண்ட் சென் என்ற என்ஜினீயர், வினாடிக்கு 100 படம் போதும் என்று கடிவாளம் போட்டார்.

ஆனாலும் 64 பிட்டுக்கு மாறியபோது வேறு வம்பு வந்தது. பந்து மோத வேண்டிய இடத்தில் மோதாமல் ஊடுருவிப் போனது. காரணத்தைத் தேட நேரம் இல்லை. அதனால் எக்ஸ்பிக்குப் பிறகு வந்த விண்டோசில் பின்பால் இல்லை.

2021-ல் ஓர் ஆர்வலர் அந்த விளையாட்டைப் பிரித்துப் பார்த்து, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி திரும்ப எழுதி வெளியிட்டார். பந்து இப்போது மோத வேண்டிய இடத்தில் மோதுகிறது!

அண்ணன் படம் - தம்பி ஓட்டம்

பிரின்ஸ் பிறந்த கதையே ஒரு குடும்பக் கதை.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்டான் மெக்னர் என்ற வாலிபர் தனி ஆளாக இதை எழுதினார். மனிதன் ஓடுவது நிஜமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டு போட்டு ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். இளவரசன் வெள்ளைக் கால்சட்டை போட்ட ரகசியம் இதுதான்.

இசை அமைத்தவர் யார் தெரியுமா? அப்பா பிரான்சிஸ் மெக்னர்!

முதலில் 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டருக்கு எழுதினார். அதில் நினைவிடம் ரொம்பக் குறைவு. இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. புதிதாக ஒரு வில்லனை வரைய இடம் இல்லை. மெக்னர் என்ன செய்தார்? கதாநாயகன் படத்தையே நிறம் மாற்றி, நிழல் மனிதனாக்கி எதிரே நிறுத்திவிட்டார். துணி பற்றாத இடத்தில் வெட்டுத் துண்டை வைத்து வேலையை முடிக்கும் கட்டிங் மாஸ்டரின் மூளை!

ஆப்பிள் 2-ல் முதலில் விற்பனை மந்தம். 1990-ல் டாஸ் பி.சி.க்கு வந்தது. பிறகு பல ரகக் கம்ப்யூட்டர்களுக்கும் போய் உலகம் முழுக்க ஓடியது. இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிஷம்தான் அவகாசம். முடியாதவர்கள் 'மெகாஹிட்' என்ற ரகசியச் சொல்லைச் சேர்த்து அடித்து, கட்டத்தைத் தாண்டிப் போவார்கள். ஆபீசுக்கு ஆபீஸ் காதோடு காதாகப் பரவிய சொல் அது.

அலமாரியில் கிடைத்த புதையல்

கதை அதோடு முடியவில்லை.

பிரின்ஸ் உலகப் புகழ் பெற்ற பிறகு, மெக்னர் தான் எழுதிய மூல எழுத்துப் பிரதியைத் தேடினார். கிடைக்கவில்லை. போனது போனதுதான் என்று விட்டுவிட்டார்.

2012-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கில் இருக்கும் அப்பா வீட்டைச் சுத்தம் செய்தார். அலமாரியின் பின்பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. 'உன் பழைய சாமானெல்லாம் இருக்கிறது' என்று மகனுக்கு அனுப்பி வைத்தார்.

பெட்டிக்குள் மூன்றரை அங்குல பிளாப்பிகள். காணாமல் போன மூலப் பிரதி அதில் இருந்தது!

20 வருஷத்துக்கு மேல் ஆன பிளாப்பி. எழுத்து இருக்குமா, அழிந்திருக்குமா? பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, விஷயம் தெரிந்தவர்களை வைத்து ஏப்ரல் மாதம் படித்தார்கள். அதிர்ஷ்டம்! படிக்க முடிந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று மெக்னர் அதை இலவசமாக வெளியிட்டார்.

அப்பா அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால்? அவ்வளவுதான்.

டிராக்டரில் துப்பாக்கிச் சண்டை

பிரின்சோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் குடியிருந்த இன்னொருவன் 'டேவ்'. கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மொத்தம் 10 கட்டம். 'டேஞ்சரஸ் டேவ்' என்ற அந்த விளையாட்டை எழுதியவர் ஜான் ரொமேரோ. அதுவும் ஆப்பிள் 2-ல் பிறந்து, 1990-ல் டாசுக்கு வந்தது. டாஸ்பாக்சில் நன்றாக ஓடும்.

அதே ரொமேரோவும் அவர் கூட்டாளிகளும் 1993-ல் 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டை விட்டார்கள். 1997-ல் அதன் மூல எழுத்தை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் டூம் ஓடாத கம்ப்யூட்டரே இல்லை என்று ஆகிவிட்டது.

2022-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? 'ஜான் டீர்' டிராக்டரின் கட்டுப்பாட்டுத் திரையில் டூமை ஓட்டிக் காட்டினார்! அவர் வேடிக்கைக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. டிராக்டரை வாங்கிய விவசாயி, அதற்குள் இருக்கும் புரோகிராமைத் தொடக்கூட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்களே என்ற கேள்விதான் காரணம்.

மூல எழுத்து வெளியே இருந்தால் விளையாட்டு சாகாது. பூட்டி வைத்தால் செத்துப் போகும். இது டூம் காட்டிய பாடம்.

சி.டி. இருக்கிறது, ஆட்டம் இல்லை

அந்தப் பூட்டினால் வந்த வினை நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

2000-ம் ஆண்டை ஒட்டி வந்த பல கேம் சி.டி.க்களில் 'சேப்டிஸ்க்' என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தது. நகல் சி.டி. போட்டால் ஓடாது. சரி, நல்லதுதான்.

ஆனால் அந்தப் பூட்டு வைரஸ் நுழையும் ஓட்டையாக ஆகிவிட்டது. அதனால் 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அந்தப் பூட்டுக்கு இடம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோசிலும் அதை முடக்கினார்கள்.

விளைவு? நல்ல காசு கொடுத்து அசல் சி.டி. வாங்கியவருக்கு ஆட்டம் ஓடவில்லை. பூட்டை உடைத்து விளையாடியவருக்கு ஓடுகிறது! நேர்மைக்குக் கிடைத்த பரிசு இது.

இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. போலந்து நாட்டில் 2008-ல் 'ஜி.ஓ.ஜி.' என்ற விற்பனைத் தளம் தொடங்கியது. நல்ல பழைய கேம்கள் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்கி, பூட்டை எடுத்துவிட்டு, டாஸ் கேமாக இருந்தால் டாஸ்பாக்சையும் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். வாங்கி, தட்டினால் ஓடும். 2024 நவம்பரில் 100 பழைய கேம்களை எடுத்து, 'இவற்றைத் தொடர்ந்து ஓடும்படி பார்த்துக் கொள்வோம்' என்று அறிவித்தார்கள்.

மேலே மேலே... கீழே கீழே...

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யில் சொருகி விளையாடிய கேம் பெட்டிகளும் இப்போது கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன.

மரியோ 1985-ல் வந்தது. டி.வி. பெட்டிக்கான 'காண்ட்ரா' 1988-ல் வந்தது. மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும். இதை மனப்பாடம் செய்யாத பையன் அன்று கிடையாது. வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்கவில்லை!

அந்த ரகசியத்தை வைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது, அது அவருக்கே ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதனால் தனக்காக வைத்த குறுக்கு வழி அது. எடுக்க மறந்து வெளியே போய்விட்டது. 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். அவர் வைத்த வழி இன்னும் வேலை செய்கிறது.

100-க்கு 87 போச்சு!

'விளையாட்டுத்தானே, போனால் என்ன?' என்று சிலர் கேட்கலாம்.

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அமைப்பு ஒன்று 2023-ல் ஒரு கணக்கு எடுத்தது. 2010-க்கு முன்பு அந்த நாட்டில் வெளியான கேம்களில் 100-க்கு 87 இன்று விலைக்கு வாங்கக் கிடைப்பதில்லை. மீதி 13-தான்.

நமக்கு இது புதிது அல்ல. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. அதுவும் இல்லை. அன்றைக்கு யாரும் வேண்டும் என்று அழிக்கவில்லை. 'பழசுதானே' என்று விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஜன்னல் வைத்த மெஷின்

திருப்பூரில் இது விளையாட்டோடு நிற்கிற விஷயமும் அல்ல.

பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்களின் பக்கவாட்டில் பிளாப்பி போடும் வாய் இருக்கும். பூ, பறவை, கம்பெனி முத்திரை என்று ஒவ்வொரு டிசைனும் பிளாப்பியில்தான் இருந்தது. மெஷின் இரும்பு. இன்னும் பத்து வருஷம் உழைக்கும். ஆனால் பிளாப்பிக்கு எங்கே போவது? உலகத்தில் பிளாப்பி செய்த பெரிய கம்பெனியான சோனி 2011-லேயே கடையைக் கட்டிவிட்டது.

பிளாப்பி காந்தப் பூச்சு பூசிய தகடு. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில், தூசி எதுவும் ஆகாது. 20, 30 வருஷம் ஆனால் படிக்குமா படிக்காதா என்பது அதிர்ஷ்டம்.

இதற்கும் ஒரு 'பொய்' வழிதான். பிளாப்பி வாயைக் கழற்றிவிட்டு, அதே அளவில் பென் டிரைவ் போடும் பெட்டியைப் பொருத்துகிறார்கள். மெஷினைப் பொறுத்தவரை பிளாப்பிதான் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது பென் டிரைவ். பிரின்சை ஏமாற்றிய அதே வித்தை!

கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் ஊர் ஆபீஸ்களில் பெயர் போன 'டாலி' பிறந்ததும் டாசில்தான். பஞ்சாலைகளுக்கு மூலப்பொருளும் மெஷின் பாகமும் விற்ற சியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்கு ஏற்ற கணக்குப் புரோகிராம் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கியது. மகனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த டாஸ் காலத்து ஏடுகள், டிசைன்கள், கடிதங்கள் எத்தனை கம்பெனி மூலையில் பிளாப்பியில் தூங்குகின்றனவோ! ஒரு விஷயம்: டாஸ்பாக்சை எழுதியவர்கள் விளையாட்டுக்காகத்தான் எழுதினார்கள். பழசைத் திறந்து பார்க்க முயற்சி செய்யலாம். நடப்புக் கணக்கை அதில் எழுத வேண்டாம்.

உஷார்! உஷார்!

ஆசையில் ஆபத்தை வாங்கிக் கொள்ளக் கூடாது.

'இலவச கேம்' என்று கூவும் எல்லா இடத்திலும் நுழையாதீர்கள். விளையாட்டோடு வைரசும் வரும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

எனவே இன்வாய்சும் ஜி.எஸ்.டி. கணக்கும் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்ட கேமையும் ஏற்ற வேண்டாம். ஒரு மணி நேர ஆட்டத்துக்காக ஒரு வருஷக் கணக்கைப் பணயம் வைப்பதா?

இதற்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். தமிழக அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. புது வேலைக்கு அது மெதுவாக இருக்கலாம். பிரின்சுக்கும் டேவுக்கும் அது ராஜாங்கம்!

சட்டத்தையும் தெரிந்து கொள்வது நல்லது. பழசு என்பதால் ஒரு கேம் பொதுச் சொத்து ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் நூல் போலத்தான். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. ஆனால் முறையாக வாங்கியவர், கெட்டுப் போகாமல் இருக்க ஒரு காப்புப் பிரதி எடுத்து வைத்துக் கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அசல் சி.டி. வைத்திருப்பவர்கள் பயப்படாமல் பிரதி எடுத்து வைக்கலாம்.

அட்டாலியில் ஏறுங்கள்

ஆக, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அட்டாலியில் ஏறுங்கள். பழைய டப்பாவை இறக்குங்கள். பிளாப்பி, சி.டி. இருந்தால் தூசி தட்டுங்கள். யு.எஸ்.பி.யில் சொருகும் பிளாப்பி டிரைவ் இருக்கிறது. அதில் போட்டுப் படித்து, பென் டிரைவ் ஒன்றிலும் இன்னொரு இடத்திலும் சேர்த்து வையுங்கள். விளையாட்டோ, டிசைனோ, கணக்கோ எதுவானாலும் சரி.

அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், பூஞ்சணம் தள்ளிப் போடாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மறுபடி வருவோம். டாஸ்பாக்ஸ் ஏறிவிட்டது. இளவரசன் திரையில் நிற்கிறான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். விரல் பழைய வழியிலேயே போகிறது. ஓடுகிறார். தாவுகிறார். முள்ளில் விழுகிறார்!

"போச்சுங்கப்பா! இருங்க, நான் ஒரு தடவ ஆடறேன்."

"இரு கண்ணு. அங்க மெதுவா நடந்து போகோணும். ஓடுனா முள்ளு குத்தும். பொத்தான அமுக்கிப் புடிச்சுட்டே நட."

சமையல்கட்டில் இருந்து குரல் வருகிறது:-

"ஏனுங்க, ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா மாவு அரைக்க யாரு போறது?"

பதில் இல்லை. இளவரசிக்கு இன்னும் 52 நிமிஷம்தான் பாக்கி இருக்கிறது!